ஆறரை மணிக் குறிப்பு

சாலைக் கடைத்தெருவில் தினமும் காலை ஆறரை மணிக்கு என் குரலைக் கேட்டுப் பழகிய பெண்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு மாதமாக ஆறரை மணிக்கு அந்தக் குரல் வரவில்லை. அதற்குள் எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்ற செய்தி கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தம் வரைக்கும் போயிருந்ததாம். போகவில்லை. போகப் பார்த்தது. எப்படிப் போகப் பார்த்தது, யார் அதற்குக் காரணம் என்பதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். காரணம் நான்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் செண்பகம். பிறந்தது நாகர்கோவில் பக்கம். வாக்கப்பட்டு திருவனந்தபுரம் வந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. நானும் என் கணவர் கணபதியும் இங்கே 'சாலை' என்று பெயருள்ள கடைத்தெருவில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறோம். ஜாக்கெட் துணி, லைனிங், சேலைக்கு ஃபால்ஸ், இதுதான் பிழைப்பு. ஆனால் என் ஆசை வேறு. பத்திரிகையில் உடல்நலப் பக்கம் வந்தால் எனக்குக் காப்பி கூட வேண்டாம். தமிழ், மலையாளம் இரண்டிலும் வாசிப்பேன். துணி வெட்டுகிற கத்தரியாலேயே கணவர் அந்தத் துண்டுகளை வெட்டிக் கொடுப்பார். 'ஆய்வில் தெரியவந்துள்ளது' என்று ஒரு வரி பார்த்துவிட்டால் மனசு பரபரக்கும். எட்டு மணி நேரத் தூக்கம், சாப்பிட்ட பிறகு பத்து நிமிட நடை, உப்பைக் குறைப்பது எப்படி என்று தினம் ஒரு குறிப்பை ஒரு நிமிடக் குரல் பதிவாகப் போனில் நம் குழுவில் போடுவேன். ஐந்து பேரில் ஆரம்பித்தது, இன்று நூறைத் தாண்டிவிட்டது.

எனக்கு ஒரு விதி உண்டு. எந்தக் குறிப்பையும் மூன்று இடத்தில் கேட்ட பிறகுதான் சொல்வேன். அந்த விதியைப் பற்றி எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே கிடையாது.

முதலில் வந்தது விக்கல். தண்ணீர் குடித்தால் போகிற விக்கல் இல்லை, நாள் முழுக்க. ஒரு வாரம் அதோடுதான் ஜாக்கெட் துணி கிழித்தேன். பிறகு வாயில் இரும்பைச் சப்பினாற்போல ஒரு ருசி. சோற்றைப் பார்த்தாலே குமட்டல். சாயங்காலம் செருப்பு இறுக்கியது. நான் என்ன செய்தேன்? 'வாயுத் தொல்லைக்கு இஞ்சி' என்று அன்றைய குறிப்பைப் பதிவு செய்தேன். பதிவின் நடுவிலேயே இரண்டு தடவை விக்கினேன், நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

மகள் வித்யா கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் என் காலைப் பார்த்துவிட்டு, ஆட்டோ பிடித்து ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். மத்தியானம் அவள் போன் அடித்தது.

"அம்மா, லேபில இருந்து விளிச்சாங்க. கிரியாட்டினின் அஞ்சே முக்காலுக்கு மேல இருக்காம். ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுதாங்க."

"எவ்வளவு இருக்கணும்?"

"ஒண்ணு."

கிரியாட்டினின் என்பது நம் தசைகள் தினமும் உண்டாக்கும் ஒரு கழிவு. சிறுநீரகம் அதை ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியே அனுப்பிவிடும். வடிகட்டி அடைத்துக்கொண்டால் கழிவு ரத்தத்திலேயே தங்கும், எண் ஏறும். சிறுநீரகம் பற்றி இரண்டு தடவை நான் உங்களுக்குப் பேசியிருக்கிறேன். தினம் இவ்வளவு தண்ணீர் குடியுங்கள் என்றேன், மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஆட்டோவில் போகும்போது எனக்கு ஒரே ஒரு நினைப்புதான். பயம். வித்யா என் கையைப் பிடித்துக்கொண்டு கழக்கூட்டம் பைபாஸ் டிராஃபிக் பற்றி என்னென்னவோ பேசிக்கொண்டே வந்தாள்.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். வெளியே நீல நாற்காலிகள் வரிசையாக இருந்தன. டோக்கன் எண் திரையில் மாறும்போதெல்லாம் எல்லோருடைய தலையும் ஒன்றாக நிமிரும். மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். எனக்கு வேடிக்கை பார்க்கிற புத்தி போகவில்லை. யார் கால் வீங்கியிருக்கிறது, யார் முகம் வெளுத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரரிடம் எத்தனை வருடமாக வருகிறீர்கள் என்று கேட்டேன். வித்யா முழங்கையால் இடித்தாள்.

உள்ளே ஒரு இளம் டாக்டர், ரம்யா என்று பெயர். நான் தமிழ் என்று தெரிந்ததும் தன் மலையாளத்தைக் கொஞ்சம் தமிழாக்கிப் பேசினார்.

"அம்மா, ஷுகர் உண்டோ? பிரஷர்?"

"ரெண்டும் கிடையாது."

"வேதனைக்கு மாத்திரை வல்லதும் சாப்பிடுறது உண்டோ? நாட்டு மருந்து? கஷாயம், லேகியம், பொடி ஏதெங்கிலும்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஒரு மாத்திரை கூட தொடமாட்டேன் டாக்டர். ஹெல்த் விஷயத்துல நான் ரொம்ப கவனம்."

'ஒன்றும் இல்லை' என்று அவர் கோப்பில் எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை, அம்மன் மேல் சத்தியமாக. அந்த நேரத்தில் நான் சொன்னது எனக்கு முழு உண்மை.

வார்டில் என்னை ஏழாம் கட்டிலில் போட்டார்கள். குடிக்கிற ஒவ்வொரு வாய் தண்ணீரும் அளவு. போகிற மூத்திரமும் அளவு. அதற்குப் பிளாஸ்டிக் குடுவை, கோடு போட்டது. முதல் நாள் வெட்கமாக இருந்தது, மூன்றாம் நாள் பெருமையாகிவிட்டது. "இன்னைக்கு எழுநூறு!" என்று கணவரிடம் சொன்னால், அவர் பரீட்சையில் மார்க் வாங்கிய பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். கடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்து, கட்டில் பக்கத்து ஸ்டூலிலேயே குந்தியிருந்தார். முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறை கூட என் தலையைச் சீவிவிடாத மனுஷன், ஒருநாள் சீப்பை எடுத்து என் பின்தலைச் சிக்கை எடுத்தார். எப்படி எடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முடியாகப் பிரித்தார். எனக்கு அழுகை வந்தது. வலிக்கிறது என்று நினைத்து நிறுத்திவிட்டார்.

ஒரு நோட்டுப் போட்டு எண்களை எழுதினேன். முதல் நாள் 5.8. அப்புறம் 5.1. பிறகு 4.6, 4.3. டாக்டர் ரம்யாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "ஏறிப்போனால் டயாலிசிஸ் வேண்டிவரும், கேட்டோ. இப்போ இறங்குது, நல்லது" என்றார். ஸ்கேனுக்குப் போகும் வழியில் அந்த அறையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திரும்ப உடம்புக்குள் விடுகிறார்கள். நான்கு மணி நேரம். சிலருக்கு வாரம் மூன்று தடவை, காலமெல்லாம். சக்கர நாற்காலியைத் தள்ளியவரிடம் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அறியவும் ஆசை, அந்த இயந்திரத்தின் பக்கத்தில் என்னைக் கற்பனை செய்யவும் பயம். அன்றிலிருந்து என் பிரார்த்தனை ஒன்றுதான். அந்தக் கதவுக்குள் நான் போகக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை சுலோசனா அக்கா பார்க்க வந்தாள். எங்கள் கடைக்கு அடுத்த கடை, பித்தளைப் பாத்திரமும் குத்துவிளக்கும் விற்பவள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். எனக்கு இந்த ஊரில் கூடப்பிறந்தவள் மாதிரி. கையில் ஒரு ஃப்ளாஸ்க்.

"எட்டீ, ஒன் மொகம் என்ன இப்படி வாடிப் போச்சு! தெனமும் குடிச்சிட்டு இருந்ததை ஒரே அடியா நிறுத்தினா ஒடம்பு கேக்குமா? ஒன் வீட்டு மரத்துலயே பறிச்சு நானே அரைச்சுக் கொண்டாந்தேன்."

புளிஞ்சிக்காய்ச் சாறு. இந்த ஊரில் பாதி வீடுகளின் பின்னால் அந்த மரம் இருக்கும். சிறு வெள்ளரிப் பிஞ்சு போல, விரல் நீளப் பச்சைக் காய், அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகத் தொங்கும். மீன் குழம்பில் புளிக்குப் பதிலாகப் போடுவார்கள். அதன் சாறு கொழுப்பைக் கரைக்கும் என்று நான் மூன்று இடத்தில் கேட்டேன். ஒன்று போனில் வந்த செய்தி. இரண்டாவது மணக்காட்டில் ஒரு கல்யாண வீட்டில். மூன்றாவது என் தையற்காரி. நாலு மாதமாகத் தினம் காலையில் பத்துப் பதினைந்து காயை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் குடித்தேன். இன்னொரு தம்ளரைப் பாட்டிலில் ஊற்றி சுலோசனா அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குச் சர்க்கரையும் உண்டு, கொழுப்பும் உண்டு. கணவரிடம் நீட்டியபோது, "மீன் இல்லாம குழம்பை மட்டும் குடிக்கச் சொல்லுதியா?" என்று எழுந்து போய்விட்டார். ஆறரை மணிக் குறிப்பில் உங்களுக்கும் சொன்னேன். மரம் இல்லாதவர்கள் எங்கள் வீட்டில் வந்து பறித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

உணவு ஆலோசகர் பழச்சாறு கூடாது, இளநீர் கூடாது என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தார். புளிஞ்சிக்காய் பழமா என்ன? குழம்புக்குப் போடுகிற சாமான். சனிக்கிழமை ஒரு தம்ளர் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அக்கா கொண்டுவந்தாள், இன்னொன்று குடித்தேன். அளவுத் தாளில் ஒழுங்காக 'வெள்ளம் இருநூறு' என்று நர்ஸிடம் எழுதவும் சொன்னேன். வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர்.

திங்கட்கிழமை 5.2. செவ்வாய் 6.1. மூத்திரம் முந்நூறுதான்.

டாக்டர் ரம்யாவுக்குப் புரியவில்லை. இறங்கிக்கொண்டிருந்தது ஏன் ஏறுகிறது? கணவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். அன்று அவர் சாப்பிடப் போகவே இல்லை. எண் இன்னும் ஏறினால் வியாழக்கிழமை டயாலிசிஸ், அதற்கு முன்னால் பயாப்சி என்று முடிவாயிற்று.

பயாப்சி என்றால் சிறுநீரகத்திலிருந்து நூல்போல ஒரு துணுக்கை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே நீள ஊசியை இறக்குகிறார்கள். "மூச்சு பிடிங்க" என்பார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு 'டக்'. வலி எறும்புக்கடியை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பிறகு ஆறு மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும். என் போன்ற வாயாடிக்கு அதுதான் தண்டனை. கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, நான் செய்த தப்பு என்ன என்று யோசித்தேன். எட்டு மணி நேரம் தூங்கினேன். உப்பைக் குறைத்தேன். நடந்தேன். எல்லாமே சரியாகத்தானே செய்தேன் என்று கடவுளிடம் சண்டை போட்டேன்.

வியாழக்கிழமை காலை பெரிய டாக்டர் வந்தார். நரைத்த தலை. பின்னால் டாக்டர் ரம்யா. பெரியவர் கோப்பைத் திறக்கவே இல்லை. என் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்தார்.

"அம்மா, வீட்டில புளிஞ்சிக்கா மரம் உண்டோ?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கிட்னி டாக்டர் மரத்தை ஏன் விசாரிக்கிறார்? அப்புறம் என் கண் தானாகவே மேசைமேல் இருந்த ஃப்ளாஸ்க்குக்குப் போனது. அவர் கண்ணும் போனது. எழுந்து மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"எத்ர நாளாயி?"

"நாலு மாசம். தெனம் ஒரு தம்ளர்."

"ஆஸ்பத்திரியிலுமா?" என்று டாக்டர் ரம்யா கேட்டார். குரலில் கோபம் இருந்தது. "ஞான் அன்னைக்கே கேட்டேனல்லோ அம்மா!"

"நீங்க மருந்தைத்தானே கேட்டீங்க. இது காய்கறி." சொல்லி முடிக்கும்போதே எனக்கு என் வாய்மேலேயே வெறுப்பு வந்தது.

பெரியவர் திட்டவில்லை. விளக்கினார். ஆக்சலேட் என்று ஒரு பொருள். கீரைகளிலும் புளிப்புக் காய்களிலும் இயல்பாகவே உண்டு. குழம்பில் இரண்டு துண்டாக, சோற்றோடு போனால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து காயைப் பிழிந்து வெறும் வயிற்றில் ஊற்றினால் குடல் அதை அப்படியே ரத்தத்துக்கு அனுப்பிவிடும். அது சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களில் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாக உறையும். குழாய் அடைக்கும். இந்தச் சாற்றைக் குடித்துவிட்டு வருகிறவர்களை இங்கே அவ்வப்போது பார்க்கிறோம் என்றார். டாக்டர் ரம்யா போனில் ஒரு படம் காட்டினார். என் சிறுநீரகத் துணுக்கு. கறுப்புப் பின்னணியில் சிறு சிறு பளிங்குத் துண்டுகள் வெள்ளையும் நீலமுமாக மின்னின. எந்தச் சேலையிலும் கல் வேலை இப்படி அமையாது. என்னைக் கொல்லப் பார்த்த ஒன்றை அழகு என்று சொல்ல வெட்கம்தான், ஆனாலும் படத்தை எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன்.

"சரியாகுமா?"

"இனி தொடாதிருந்தால் சரியாக நல்ல வாய்ப்பு உண்டு. இன்னைக்கு டயாலிசிஸ் வேண்டாம், ரெண்டு நாள் பார்ப்போம்" என்றார். பிறகு எழுந்து போகிற போக்கில் கேட்டார். "வேறு யாராவது குடிக்கிறார்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுலோசனா அக்கா. சர்க்கரைக்காரி. என் கையால் நாலு மாதம். என் சிறுநீரகத்தைப் பற்றி இருந்த பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. கணவரை ஆட்டோ பிடித்துப் போய் அவளை லேபுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். பிறகு குழுவில் பேசினேன். ஆறரை மணி இல்லை, பகல் பதினொன்று. அந்தப் பதிவை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'நான் சொன்னது தப்பு. அந்தச் சாற்றைக் கீழே ஊற்றுங்கள். குடித்தவர்கள் எல்லோரும் ரத்தம் பாருங்கள்.' இடையில் குரல் உடைந்தது, திரும்பப் பதிவு செய்யவில்லை. பதினோரு பேர் குடித்ததாகச் சொன்னீர்கள். ஒருத்தி மட்டும், "அப்போ அதுக்குப் பதிலா என்ன குடிக்கலாம் அக்கா?" என்று கேட்டிருந்தாள். பெயரைச் சொல்லமாட்டேன். சுலோசனா அக்கா கேட்டுவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் இல்லை.

அன்று முழுக்க அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாறு கொழுப்பைக் கரைக்கும் என்ற செய்தி எங்கிருந்து வந்தது என்றும் போனிலேயே விசாரித்தேன். கல்யாண வீட்டில் சொன்னவளுக்குப் போனில் வந்ததாம். தையற்காரிக்கும் அதே செய்திதான் வந்ததாம். என் மூன்று இடமும் ஒரே இடம். அதில் ஏதோ ஆய்வு என்று இருந்தது. யாரிடம் செய்தது, எவ்வளவு கொடுத்தது, எத்தனை நாள் பார்த்தது என்று ஒரு வார்த்தை இல்லை. அதையெல்லாம் கேட்கத் தோன்றாத என் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்ல.

மறுநாள் காலை அக்கா வந்தாள், என் கணவரோடு. கையில் லேப் காகிதம். கிரியாட்டினின் 0.9. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இருக்கிற எண். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடிந்ததும் எனக்கு வழக்கமான வியாதி வந்துவிட்டது. இது எப்படி? ஒரே மரம், ஒரே மிக்ஸி, ஒரே அளவு. எனக்கு ஆறு, இவளுக்கு ஒன்று கூட இல்லை. இது ஒரு ஆய்வுக்குரிய விஷயம் அல்லவா? நோட்டை எடுத்தேன்.

"யக்கா, நீங்க சாப்பிட்டுட்டுக் குடிச்சீங்களா, வெறும் வயித்துலயா?"

"ம்... சாப்பிட்டுட்டுதான்."

"கூட எவ்வளவு தண்ணி? மோர் வல்லதும் குடிச்சீங்களா? கால்சியம் கூடப் போனா குடல்லயே நின்னுடுமாம், டாக்டர் சொன்னாங்க."

"எட்டீ, நீ கொஞ்சம் சும்மா கெட."

"இல்லக்கா, இது முக்கியம். பெரிய டாக்டர்கிட்ட சொல்லணும். ஒங்களைப் பார்த்தா அவரே ஆச்சரியப்படுவார்."

டாக்டரிடம் சொல்வேன் என்றதும் அக்காவின் முகம் மாறியது. என் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவருக்கு ஆட்டோவிலேயே தெரிந்துவிட்டது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

"நான் குடிக்கவே இல்லட்டீ" என்றாள் அக்கா. "மொத நாள் ஒரு வாய் குடிச்சேன். பல்லு கூசி, கண்ணுல தண்ணி வந்துட்டு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு குடிக்கல்ல."

"நாலு மாசமும் நான் கொண்டாந்தது?"

"வெளக்கு தேச்சேன்."

நான் வாயைப் பிளந்தேன். அந்த நாலு மாதமும் அவள் கடை வாசலில் குத்துவிளக்குகள் பொன்போல மின்னின. எந்தப் பொடி போடுகிறாய் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். பொடி ஒன்றும் இல்லை என்று அவள் சிரிப்பாள். சாறு குடித்து அக்காவின் முகம் பளபளக்கிறது என்று நான் குழுவில் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? பளபளத்தது விளக்குகள்.

"அப்போ எனக்கு எதுக்கு ஃப்ளாஸ்க்ல கொண்டாந்தீங்க?"

"நீ அதை உயிராட்டு நெனச்சேல்லா." அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "தெனம் அவ்வளவு ஆசையா கொண்டாந்து குடுத்தே. வேண்டாம்னு ஒன் மொகத்துக்கு நேரே எப்படிச் சொல்லுவேன்? மொதல் நாளே சொல்லியிருந்தா நீயும் நிறுத்தியிருப்பியோ என்னவோ. நேத்து ஒன் குரலைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல்ல."

நான் சிரித்தேன். முதுகில் பயாப்சி எடுத்த இடம் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள், அழுதுகொண்டே. ஏழாம் கட்டிலில் என்ன சத்தம் என்று நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் நான் போகவில்லை. மூத்திரம் முந்நூறிலிருந்து ஆயிரமாயிற்று. வீட்டுக்கு வரும்போது 3.2. ஆறு வாரம் கழித்து இப்போது 1.3. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். குடித்த பதினோரு பேரில் ஒன்பது பேர் ரத்தம் பார்த்துவிட்டீர்கள், கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் சரி. மீதி இரண்டு பேர் இன்றைக்கே போய்விடுங்கள். டாக்டர் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் காலையில் குடிக்கிற வெந்நீர் முதல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மருந்து எது, காய்கறி எது என்பதை அவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

நாளை முதல் ஆறரை மணிக்கு மறுபடி பேசுவேன். பேசாமல் இருக்க என்னால் முடியாது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ஒரு வேண்டுகோள். நான் எவ்வளவு ஆசையாக எதை நீட்டினாலும், வேண்டாம் என்றால் என் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் கோபித்துக்கொள்வேன். கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.